அத்தியாயம் 4: விலை பேசுமுன் ரத்தப் பரிசோதனை

வெளிநாட்டில் குதிரை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் காரியங்களைச் செய்கிறார்கள். வீடியோவில் ஒரு குதிரை மனதுக்குப் பிடித்துப்போகிறது. நேரில் போய் ஏறி ஓட்டிப் பார்க்கிறார்கள். விலை படிகிறது. கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்கிறார். பணம் கைமாறுகிறது. ஊருக்குக் கொண்டுவருவது எப்படி என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயம் முழுக்க நான் சொல்லப்போவது. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு வருகிறவர் சுழி பார்த்து, நடை பார்த்து, பல்லைப் பிடித்து வயது பார்த்து வாங்கலாம். வாங்கிய குதிரை அன்று மாலையே வண்டியேறிவிடும். கடல் கடந்து வர வேண்டிய குதிரைக்கு அது போதாது. குதிரை நல்லதா என்று தீர்மானிப்பது நீங்கள். அது உங்கள் ஊருக்குள் வரலாமா என்று தீர்மானிப்பது உங்கள் நாட்டு அரசு. நிலம் வாங்குகிறவர் வில்லங்கம் போட்டுப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுப்பார். இங்கே அந்த வில்லங்கச் சான்று குதிரையின் ரத்தத்தில் இருக்கிறது.

விதிகள் தெளிவாக எழுதப்பட்டிருப்பதால் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்காவுக்கு வரும் வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ வாங்கிய குதிரை நியூயார்க்கில் இறங்கியதும் நேராக அமெரிக்க வேளாண் துறையின் குவாரன்டைனுக்குப் போகும். குறைந்தது 42 மணி நேரம் அங்கே இருக்க வேண்டும். முதல் வேலையாக ரத்தம் எடுத்து ஐயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் உள்ள தேசிய ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே நான்கு நோய்களைத் தேடுகிறார்கள்: கிளாண்டர்ஸ், டௌரின், குதிரைத் தொற்று ரத்தசோகை, உண்ணிகளால் பரவும் பைரோபிளாஸ்மோசிஸ். நான்கில் ஏதாவது ஒன்று இருப்பதாக முடிவு வந்தாலும் அனுமதி கிடையாது. உரிமையாளர் தம் செலவில் குதிரையைத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் குதிரையைக் கொன்றுவிடுவார்கள். மேல்முறையீடு செய்து காலம் கடத்தவோ, நம் லாயத்தில் வைத்து வைத்தியம் பார்க்கிறோம் என்று கேட்டுப் பார்க்கவோ அங்கே இடமில்லை.

நான்கில் வாங்குகிறவரை உண்மையில் கவிழ்ப்பது பைரோபிளாஸ்மோசிஸ்தான். மற்ற மூன்றும் மேற்கு ஐரோப்பாவில் அபூர்வம். இதுவோ ஸ்பெயின், போர்ச்சுகல், தெற்கு இத்தாலி, தெற்கு பிரான்ஸ் முழுக்க வேரோடிய நோய். ரத்த சிவப்பணுக்களுக்குள் வாழும் இரண்டு ஒட்டுண்ணிகளில் ஒன்றான தைலேரியா ஈக்வி ஒருமுறை புகுந்தால் பெரும்பாலும் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். காய்ச்சல் வந்துபோன சுவடே இல்லாமல் குதிரை நன்றாகத் தின்னும், ஓடும், போட்டியில் பரிசும் வாங்கும். எத்தனை தேர்ந்த கண்ணாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஆண்டலூசிய, லூசிட்டானோ குதிரைகளின் அழகில் மயங்கி வாங்கப் போகிறவர்கள் அதனாலேயே கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஜெர்மன் லாயத்தில் நிற்கும் குதிரை என்பதால் மட்டும் நிம்மதி அடையவும் வேண்டாம். அது இரண்டு குளிர்காலம் ஸ்பெயினில் போட்டிச் சுற்றுக்குப் போய்வந்த குதிரையாக இருக்கலாம். எங்கெங்கே போய்வந்தது என்ற கேள்வியை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

எந்த முறையில் பரிசோதிக்கிறார்கள் என்பதும் முக்கியம். பைரோபிளாஸ்மோசிஸுக்கு அமெரிக்கா 2005 வரை நம்பியிருந்த பழைய பரிசோதனை, நோய் புதிதாகத் தொற்றிய குதிரையைப் பிடிக்கும். வருடக்கணக்கில் கிருமியைச் சுமக்கும் குதிரையைத் தவறவிடக்கூடும். 2005-இல் சி-எலிசா என்ற முறைக்கு மாறினார்கள். 2009-இல் டெக்சாஸில் ஒரே பண்ணையில் 400-க்கும் மேற்பட்ட குதிரைகளிடம் இந்தத் தொற்று இருப்பது தெரியவந்தபிறகு கெடுபிடி இன்னும் கூடியது. ஆகவே, ‘ரத்தம் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை’ என்று விற்பவர் நீட்டும் தாளில் முதலில் பார்க்க வேண்டியது முடிவை அல்ல, பரிசோதனையின் பெயரை. இறங்கும் நாடு எந்த முறையைப் பயன்படுத்துகிறதோ, அதே முறையில் வந்த முடிவுக்குத்தான் மதிப்பு. இமிடோகார்ப் என்ற மருந்து போட்டால் சில குதிரைகளின் முடிவு தற்காலிகமாக மாறக்கூடும் என்று யாராவது காதில் ஓதினால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். அது மோசடி, அந்தக் குதிரையைக் கடித்த உண்ணி அடுத்த லாயத்துக் குதிரையையும் கடிக்கும்.

ரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். போக முடியாவிட்டால் உங்கள் ஆள் ஒருவர் நிற்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009 ஜூலைக்குப் பிறகு பதிவான குதிரைகளுக்குக் கழுத்தின் இடது பக்கம் மைக்ரோசிப் இருக்கும். கூடவே 15 இலக்க அடையாள எண்ணுடன் ஒரு பாஸ்போர்ட்டும் உண்டு. மருத்துவர் முதலில் ரீடரைக் கழுத்தில் ஓட்டி எண்ணைப் படிக்க வேண்டும். அடுத்து பாஸ்போர்ட்டில் உள்ள வரைபடத்தோடு நெற்றிப் பொட்டையும் கால் வெள்ளையையும் சுழிகளையும் ஒப்பிட வேண்டும். கழுத்து நரம்பில் ஊசி போடுவது அதன் பிறகுதான். குழாயில் எழுதும் எண் சிப்பின் எண்ணாக இருக்கட்டும். குதிரையின் செல்லப் பெயரை எழுதி அனுப்பிய ரத்தம் எந்தக் குதிரையின் ரத்தம் என்று பிறகு யாராலும் நிரூபிக்க முடியாது. பத்து நிமிட வேலைதான். ஆனால் இந்த முழு வியாபாரமும் அந்தச் சிறிய குழாயின் மேல்தான் நிற்கிறது.

நுழைவு விதியை முதலில் படித்தால், எந்தக் குதிரையைத் தேடுவது என்பதே சில சமயம் மாறிவிடும். சி.ஈ.எம். எனப்படும் இனப்பெருக்க உறுப்புத் தொற்று 1977-இல் இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் கண்டறியப்பட்டது. மறு வருடமே அட்லாண்டிக்கைத் தாண்டிக் கென்டக்கிக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த நோயுள்ள நாடுகளிலிருந்து அமெரிக்கா வரும் இரண்டு வயது தாண்டிய பெட்டைகளும் பொலிகுதிரைகளும், முதல் குவாரன்டைன் முடிந்த கையோடு இன்னொரு குவாரன்டைனுக்குப் போக வேண்டும். பெட்டைக்கு மூன்று முறை மாதிரி எடுத்து, பிறகு ஐந்து நாள் கிருமிநாசினியால் கழுவி அனுப்ப ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். பொலிகுதிரையை இரண்டு சோதனைப் பெட்டைகளோடு இணைசேர்த்து, அந்தப் பெட்டைகளுக்குத் தொற்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விடுவார்கள். அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். காயடித்த குதிரைக்கு இது எதுவும் வேண்டாம். மகளுக்குச் சவாரி பழகக் குதிரை தேடுகிறவர், ஒரே விலையில் ஒரு பொலிகுதிரையும் ஒரு காயடித்த குதிரையும் கிடைத்தால், இரண்டும் ஒரே விலை என்று நினைக்கக் கூடாது. இறங்கி வீடு சேரும்போது அவற்றின் விலை வெகுதூரம் விலகியிருக்கும். இனவிருத்திக்கு வாங்குகிறவரின் கணக்கு வேறு. அவர் அந்த ஒரு மாதச் செலவைக் குதிரையின் விலையோடு சேர்த்தே எழுதிக்கொள்ளட்டும்.

இந்தியாவுக்குக் கொண்டுவருகிறவர் இன்னொரு கேள்வியையும் முன்கூட்டியே கேட்க வேண்டும்: இந்தக் குதிரை இனி ஒருநாள் வெளியே போக வேண்டியிருக்குமா? உள்ளே வருவதற்கான சட்டம் பழையது. 1898-ஆம் ஆண்டின் கால்நடை இறக்குமதிச் சட்டத்தின் கீழ்தான் இன்றும் எல்லாம் நடக்கிறது. மத்திய கால்நடை பராமரிப்புத் துறை வகுத்த உடல்நலச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு நிபந்தனைக்கும் ஏற்றுமதி நாட்டு அரசு மருத்துவர் கையெழுத்திட வேண்டும். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற இடங்களில் விலங்குக் குவாரன்டைன் நிலையங்கள் உள்ளன. அவற்றின் வழியாகத்தான் வர முடியும். சான்றிதழின் அன்றைய வடிவத்தைச் சென்னை நிலையத்திலிருந்து முதலிலேயே வாங்கி, விற்பவரின் மருத்துவருக்கு அனுப்பி, ‘இதில் எல்லா வரிக்கும் கையெழுத்துக் கிடைக்குமா’ என்று கேளுங்கள். ஒரு வரிக்குக் கிடைக்காது என்றாலும் அந்தக் குதிரை உங்களுக்கு இல்லை. வெளியே போவது இதைவிடக் கடினம். 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் டிரஸ்ஸாஜ் அணிப் பிரிவில் தங்கம் வென்றபோது, குதிரையேற்றத்தில் இந்தியாவுக்கு 41 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் கிடைத்தது. சுதிப்தி ஹஜேலா, திவ்யகிருதி சிங், ஹிருதய் சேடா, அனுஷ் அகர்வாலா நால்வரும் ஐரோப்பாவிலேயே தங்கி, அங்கேயே குதிரைகளை வைத்துப் பயிற்சி செய்தவர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுவரை போன ஃபவாத் மிர்சாவும் ஜெர்மனியில் பயிற்சி பெற்றவர்தான். இந்தியாவில் நிற்கும் குதிரையை ஐரோப்பியப் போட்டிகளுக்கு அழைத்துப்போக நோய்க் கட்டுப்பாடுகள் இடம் தராததே இதற்குப் பெரிய காரணம். 2025 ஜூலையில் மீரட் ராணுவக் கால்நடை மையத்தை நோயற்ற குதிரை வளாகமாக உலக விலங்கு நல அமைப்பு ஏற்றுக்கொண்டிருப்பது நல்ல தொடக்கம். என்றாலும் அது அந்த வளாகத்துக்குள் உள்ள குதிரைகளுக்கான ஏற்பாடு. சென்னையில் ஒரு தனியார் லாயத்தில் நிற்கும் குதிரைக்கு அது பொருந்தாது. ஆகவே பன்னாட்டுப் போட்டிதான் நோக்கம் என்றால், குதிரையை வாங்கி அங்கேயே ஒரு பயிற்சியாளரிடம் விட்டுவைப்பதுதான் சரியான முடிவாக இருக்கும். கொண்டுவராமல் இருப்பதும் ஒரு முடிவு என்பதை இறக்குமதி முகவர் உங்களிடம் சொல்ல மாட்டார்.

இத்தனை கெடுபிடியும் அதிகாரிகளின் அலட்டல், பணம் படைத்தவருக்குத் தரும் தொல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. 2007 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் நடந்ததை அவர்கள் படிக்க வேண்டும். அதுவரை குதிரை ஃப்ளூவையே அறியாத நாடு அது. சிட்னியின் ஈஸ்டர்ன் கிரீக் குவாரன்டைன் நிலையத்தில் வெளிநாட்டுக் குதிரைகள் நின்றிருந்தன. அங்கே வேலைபார்த்துத் திரும்பியவர்கள் குளித்து உடை மாற்றிக்கொண்டு வெளியேறும் ஒழுங்கு சரியாக நடக்கவில்லை என்பதை நீதிபதி இயன் கேலினன் தலைமையிலான விசாரணை பிறகு எடுத்துக்காட்டியது. வைரஸ் வெளியேறி நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து மாநிலங்களில் பல்லாயிரம் குதிரைகளைத் தாக்கியது; பந்தயங்கள் நின்றன; குதிரைகள் இருந்த இடத்தைவிட்டு நகரத் தடை வந்தது. 1987-இல் ஸ்பெயினுக்குள் நமீபியாவிலிருந்து சஃபாரி பூங்காவுக்காக வந்த வரிக்குதிரைகளோடு ஆப்பிரிக்கக் குதிரை நோய் நுழைந்தது. அதை ஒழிக்க 1990 வரை ஆனது. நம் பக்கத்திலும் இது பழங்கதை இல்லை. 1959 முதல் 1961 வரை மேற்கு ஆசியாவிலும் இந்தியாவிலும் இதே நோய் பரவியபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரை, கழுதை, கோவேறு கழுதைகள் மாண்டன. இவற்றில் பெரும்பாலானவை வண்டி இழுத்தும் பொதி சுமந்தும் ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்ட மிருகங்கள். போட்டிக் குதிரை வாங்குகிறவரின் அவசரத்துக்கு அந்தக் குடும்பங்கள் விலை கொடுக்க வேண்டியதில்லை. குவாரன்டைன் முதலில் காப்பது அவர்களைத்தான்.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது: நல்ல குதிரைக்குப் பத்துப் பேர் நிற்பார்கள், ரத்த முடிவு வரும்வரை விற்பவர் காத்திருக்க மாட்டார் என்பது. ஏலத்தில் இது ஓரளவு உண்மை. ஜெர்மனியின் வெர்டனிலோ, பந்தயக் குதிரைகளுக்காக நியூமார்க்கெட்டின் டாட்டர்சால்ஸிலோ சுத்தியல் விழுந்த கணமே குதிரை உங்களுடையது. அங்கே ஏலத்துக்கு முன்பே ரத்தம் எடுக்க அனுமதி கேளுங்கள். கிடைக்காத குதிரைக்குக் கை தூக்காதீர்கள். தனியாரிடம் வாங்கும்போது இந்த மறுப்பு நிற்காது. ஒரு சிறு முன்பணம் கொடுத்து, ‘இறங்கும் நாடு கேட்கும் பரிசோதனைகள் அனைத்திலும் நோயில்லை என்று வந்தால்தான் விற்பனை, இல்லையெனில் முன்பணம் முழுவதும் திரும்பும்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கலாம். அடிக்கடி ஏற்றுமதி செய்கிற நேர்மையான விற்பனையாளருக்கு இது புதிதல்ல. இந்த வரியைப் பார்த்து முகம் சுளிப்பவரிடம் வாங்காமல் இருப்பதே லாபம். அங்கே வந்த முடிவு இறங்கியபிறகு மாறாதா என்றால், மாறலாம். ஆய்வகங்கள் வேறுபடும், இடைப்பட்ட வாரங்களில் உண்ணியும் கடிக்கலாம். அதனால் பரிசோதனைக்கும் பயணத்துக்கும் நடுவே உள்ள நாட்களைக் குறையுங்கள்; அந்த நாட்களில் குதிரை மேய்ச்சலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவையுங்கள். ஆபத்து முழுக்க ஒழியாது, ஆனால் மிகவும் சுருங்கிவிடும்.

கால், மூச்சு, கண் எல்லாம் பார்க்கும் உடற்பரிசோதனை இரண்டாவதாக வரட்டும். ரத்தத்தில் தோற்ற குதிரைக்கு எக்ஸ்ரே செலவு எதற்கு? பிரிட்டனில் இதை ஐந்து கட்டமாகச் செய்கிறார்கள்: நிற்கவைத்துப் பார்ப்பது, நடக்கவும் துள்ளவும் விட்டுப் பார்ப்பது, வேர்க்க ஓட்டிப் பார்ப்பது, ஓய்வு கொடுத்து மறுபடி இதயத்தைக் கேட்பது, கடைசியாக மீண்டும் ஒருமுறை துள்ளவிட்டு நொண்டலைத் தேடுவது. அன்று எடுக்கும் ரத்தத்தில் ஒரு பகுதியை வழக்கமாக ஆறு மாதம் பத்திரமாக வைத்திருப்பார்கள். வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைத்தார்களா என்று பிறகு பார்க்க அது உதவும். மருத்துவரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவரின் லாயத்துக்கு வாராவாரம் வருகிற மருத்துவர் எவ்வளவு நல்லவராயினும் அவர் உங்கள் மருத்துவர் இல்லை. தரகருக்கும் இதே விதிதான். அவருக்குக் கமிஷன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, இரண்டு பக்கமும் வாங்குகிறாரா என்பதை முதல் நாளே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பணம் எப்போது கைமாறுகிறது என்பதைவிட, ஆபத்து எப்போது கைமாறுகிறது என்பது பெரிய கேள்வி. தமிழகத்துக்கு இது மிகப் பழைய கேள்வி. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவிலிருந்து பாண்டிய நாட்டுக்கு வருடந்தோறும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்தன. வழியில் செத்த குதிரைக்கும் பாண்டிய அரசு விலை கொடுக்கும் ஏற்பாடு இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். விற்பவனுக்கு இதைவிட நல்ல ஒப்பந்தம் கிடையாது. வாங்குபவனுக்கு இதைவிட மோசமானதும் கிடையாது. இன்றும் பலர் தெரியாமல் அதே ஒப்பந்தத்தில்தான் கையெழுத்திடுகிறார்கள். குதிரை விற்பவரின் லாயத்தைவிட்டு வண்டியேறும்போது உங்களுடையதாகிறதா, விமானத்தில் ஏறும்போதா, குவாரன்டைனிலிருந்து வெளியே வரும்போதா என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து காப்பீடு தொடங்க வேண்டும். நுழைவு மறுக்கப்பட்டால் ஈடு உண்டா என்று பாலிசியில் தேடிப் பாருங்கள். சாவுக்கு மட்டும் ஈடு தரும் பாலிசி, உயிரோடு திருப்பி அனுப்பப்படும் குதிரைக்கு எதுவும் தராது. ஜெர்மன் சட்டப்படி, வியாபாரியிடம் தனிநபர் வாங்கிய விலங்கில் முதல் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். நல்ல பாதுகாப்புதான். ஆனால் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அங்கே வழக்கு நடத்தும் செலவைக் கணக்குப் பார்த்தால், ரத்தப் பரிசோதனையின் கட்டணம் எத்தனை மலிவு என்று புரியும்.

பயணத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அனுபவமுள்ள சரக்கு நிறுவனங்கள் அதை நன்றாகவே செய்கின்றன. ஒரு பெட்டியில் மூன்று குதிரைவரை நிறுத்துவார்கள். இடம் தாராளமாக வேண்டுமென்றால் கட்டணம் கூடும். கூடவே குதிரைக்காரர்களும் பறப்பார்கள். கவனிக்க வேண்டியது நுரையீரலை. நீண்ட நேரம் தலையைத் தூக்கியே கட்டிவைத்தால், தலையைத் தாழ்த்தி இருமிச் சளியை வெளியேற்ற முடியாமல் கிருமிகள் கீழே இறங்கிவிடும். பயணக் காய்ச்சல் என்கிறார்களே, அதன் வேர் இதுதான். இறங்கியதும் வைக்கோலைத் தரையில் போட்டுத் தலையைத் தாழ்த்தித் தின்னவிடுங்கள். ஒரு வாரத்துக்குக் காலையும் மாலையும் வெப்பநிலை பார்த்துக் குறித்துவையுங்கள், 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். சென்னைக்கோ மதுரைக்கோ கொண்டுவருகிறவர்கள் டிசம்பர், ஜனவரியில் இறங்கும்படி தேதி குறிக்க வேண்டும். குளிர்நாட்டுக் குதிரைகள் சில, நம் புழுக்கத்தில் வேர்ப்பதையே நிறுத்திவிடும். அப்படி நின்றுபோனால் உடம்பின் சூடு இறங்க வழியில்லை. கழுத்தும் விலாவும் வேலைக்குப் பிறகு நனைந்திருக்கின்றனவா என்று தினமும் கையால் தடவிப் பாருங்கள். முதல் கோடை தாண்டும்வரை விடிகாலையில் மட்டும் வேலை வாங்குங்கள்.